ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிச் சத்தம்

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பதினெட்டு வருடமாக எழுத்துப் பிழை பார்ப்பவள் நான். காலண்டர், கல்யாணப் பத்திரிகை, பட்டாசு லேபிள் போக, நினைவு மலர்களும் என் மேசைக்கு வரும். நேரில் பார்த்தே இராத எத்தனையோ பேரை, பிறந்த ஊரிலிருந்து கடைசி மூச்சு வரை ஒற்று விடாமல் படித்து வழியனுப்பி வைத்திருக்கிறேன். அந்த மலர்களில் எல்லாரும் புன்சிரிப்பு மாறாதவர்கள், அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவர்கள். இந்த மலர் என் அண்ணனுக்கு. இதற்குப் பிழை திருத்துபவளும் நானே என்பதால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அண்ணன் அதிர்ந்துதான் பேசுவார். அவர் வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்பது தெருமுனையிலேயே தெரிந்துவிடும். காது மந்தமாகிறவர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்பது எங்களுக்கு உறைக்க வெகுநாள் ஆயிற்று. அண்ணனுக்கு உறைக்க அதைவிட வெகுநாள் ஆயிற்று. அவர் மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது.

அண்ணன் பிறந்தது அச்சங்குளத்தில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் புஞ்சையில் களை வெட்டிப் பிழைத்தவர்கள். அடுத்தடுத்து மழை பொய்த்ததும் எங்களைக் கூட்டிக்கொண்டு எம். புதுப்பட்டிக்கு வந்து சேர்ந்தார்கள். அப்பா தவறியபோது அண்ணன் பத்தாம் வகுப்பு. பரீட்சைக்குப் போகவில்லை, பட்டாசுக் கம்பெனிக்குப் போனார். அவர் சம்பாத்தியத்தில்தான் நான் பன்னிரண்டாவது வரை படித்தேன். எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட வெளியூர் வேண்டாம் என்று, தன் வீட்டிலிருந்து நாலாவது வீட்டிலேயே கட்டிக் கொடுத்தார். என் வாய்க்கு அடுத்த ஊரில் குப்பை கொட்ட முடியாது என்று மதினியிடம் சொன்னாராம். சரியாகத்தான் கணித்திருக்கிறார்.

கம்பெனியில் முதலில் காகிதக் குழாய் உருட்டினார். பிறகு சத்தம் பார்க்கிற வேலைக்கு மாற்றினார்கள். வெடி ஒவ்வொரு லோடு தயாரானதும் அதில் சிலதை எடுத்துப் போய்ப் பொட்டலில் வைத்து வெடித்துப் பார்க்க வேண்டும். இந்த லோடு சரி, இதில் மருந்து மட்டு என்று அண்ணன் காதாலேயே சொல்லிவிடுவார். அவர் சொன்னால் போர்மேன் மறுபேச்சுப் பேச மாட்டார். இருபது வருடத்துக்கு மேல் அந்த வேலை. அதில் அவருக்குக் கர்வமும் உண்டு. காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள் என்று மதினி சொன்னால், பஞ்சு வைத்துக்கொண்டு எப்படிச் சத்தம் பார்ப்பது என்று கேட்பார்.

இனி அவருடைய பெட்டிகளுக்கு வருகிறேன். இந்த மலரை வாங்குகிற பாதிப் பேர் அதைப் படிக்கத்தான் பக்கத்தைப் புரட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

அண்ணனுக்குக் கல்யாணம் ஆகாத காலம். ஆயுத பூஜைக்குப் பொரியும் பழமும் கொண்டுபோய்க் கொடுக்க முதலாளி வீட்டுக்குப் போயிருக்கிறார். அந்த வீட்டு ஹாலில் ஒரு ஸ்டீரியோ. வெள்ளி முகப்பு, அதில் மஞ்சள் வெளிச்சத்துக்குள் ஆடுகிற இரண்டு முள், இரண்டு மூலையிலும் மரப்பெட்டி. முதலாளி வீட்டம்மா நல்ல மனசு. வாசலில் மலைத்து நின்றவரைக் கூப்பிட்டு, இரண்டு பெட்டிக்கும் நடுவில் உட்காரச் சொல்லிப் பாட்டுப் போட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவர் சாப்பிடாமல் என்னிடம் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது.

“இந்தப் பக்கம் பிடில் வாசிக்காக, அந்தப் பக்கம் மிருதங்கம். நடுவுல வெறுஞ் செவரு தாயி. ஒரு பொருளும் இல்ல. ஆனா பாடுத ஆளு அங்கனதான் நிக்காரு.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பசி மயக்கம், சாப்பிடுங்கள் என்றேன்.

அந்த மாதிரிப் பெட்டியை எங்களால் கனவில்கூட வாங்க முடியாது. இருபது வருடத்துக்கு மேல் அண்ணன் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடத்தில் காலம் மாறியது. வசதியான வீடுகளில் எல்லாம் சி.டி., டி.வி.டி., ஹோம் தியேட்டர் என்று வந்து, பழைய ஸ்டீரியோக்கள் மாடிப்படிக்குக் கீழே போயின. அங்கிருந்து விருதுநகர் பழைய இரும்புக் கடைக்குப் போயின. கடைக்காரர் அவற்றை மின்விசிறி, மிக்சியோடு சேர்த்து எடைக்கு எடுப்பவர். ஒருநாள் வேறு வேலையாகப் போன அண்ணன் அந்தக் கடை வாசலில் ஒரு வெள்ளி முகப்பைப் பார்த்திருக்கிறார். பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டே வந்தார். கண்டக்டர் லக்கேஜ் கேட்டதற்கு, குழந்தைக்கு லக்கேஜ் உண்டா என்று கேட்டாராம்.

அது முதல் பெட்டி. அப்புறம் ஞாயிறு தோறும் விருதுநகர்தான். ஆம்ப்ளிபயர், ரெக்கார்டு பிளேயர், டேப் டெக், ஜோடி இழந்த ஸ்பீக்கர் என்று வந்துகொண்டே இருந்தன. மதினி நெல் மூட்டை அடுக்குகிற அறை முழுக்க அதுதான். எல்லாவற்றையும் பேரீச்சம்பழத்துக்குப் போடுங்கள் என்று நான் சொல்லாத நாள் கிடையாது. சொன்னதோடு நிற்கவும் இல்லை. ஒருமுறை அவர் வேலைக்குப் போயிருந்தபோது, உறை கிழிந்த ஒரு ஸ்பீக்கரைத் தெருவில் வந்த சைக்கிள்காரரிடம் போட்டு இரண்டு பிளாஸ்டிக் குடம் வாங்கிவிட்டேன். அடுத்த ஞாயிறு அதே ஸ்பீக்கரோடு அண்ணன் வந்து இறங்கினார். சுற்றிச் சுற்றி அதே கடைக்குத்தான் போயிருக்கிறது. என்னிடம் குடம் ஒழுகுகிறதா என்று மட்டும் கேட்டார்.

அவர் ரிப்பேர் பார்க்கிற விதமே தனி. கம்பெனியில் மருந்து அறைக்குள் நுழையும் முன் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போவார்கள், உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்கிவிடும் என்று. அண்ணன் வீட்டு அறை வாசலிலும் ஒரு செம்புத் தகடு அடித்து வைத்திருந்தார். அதைத் தொட்டு, செருப்பைக் கழற்றி, பித்தளைத் திருப்புளியோடுதான் உட்காருவார். இது என்ன வெடிக்கவா போகிறது என்று நான் கேட்டால், கை பழகிவிட்டது என்பார். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கிழிந்திருந்தால் வெடி சுற்றுகிற காகிதத்தை நறுக்கி, மயில்துத்தம் போட்ட மைதாப் பசையில் ஒட்டுவார். எங்கள் ஊரில் பெண்பிள்ளைகளுக்குக்கூடக் கைவந்த வேலை அது. அப்படி ஒட்டியது ஒன்றும் இன்றுவரை விடவில்லை.

அதில் என்னதான் இருக்கிறது என்று ஒருநாள் கோபமாகவே கேட்டேன். அண்ணன் ஒரு ஆம்ப்ளிபயரின் குமிழைப் பிடித்து மெதுவாகத் திருப்பிக் காட்டினார். கனமான குமிழ், நல்ல கிணற்று உருளை மாதிரி வழுக்கிக்கொண்டு திரும்பியது.

“இதக் கழிச்சுப் போட்டுருக்காக. தெறந்து பாத்தா உள்ள ஒரு ரப்பர் வாரு அறுந்திருக்கும். அம்புட்டுதான் தாயி. மத்ததெல்லாம் புதுசு கணக்கா இருக்கும்.”

ஆனால் அண்ணனிடம் ஒரு குறை இருந்தது. எந்தப் பெட்டியும் அவருக்கு மூன்று நாலு மாதத்துக்கு மேல் ஒத்து வராது. நன்றாகத்தான் பாடிக்கொண்டிருக்கும். இதில் சத்தம் இறங்கிவிட்டது, வயசான பெட்டி, இன்னும் கொஞ்சம் பெரிதாக ஒன்று வேண்டும் என்பார். அடுத்தது வரும். அதுவும் சில மாதத்தில் இறங்கிவிடும். ஊருக்கெல்லாம் வெடியில் மருந்து மட்டு என்று கண்டுபிடித்துச் சொன்னவர், தன் காதில் குறைகிறது என்பதைக் கண்டுபிடிக்காமல் பெட்டி மேல் பழி போட்டுக்கொண்டே போனார். நாங்களும் இது பேராசை என்றுதான் நினைத்தோம். கூடப் பிறந்தவள் நான், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு பங்குனி மாத வெள்ளிக்கிழமை. சீசன் உச்சம், தெருவில் ஆண் பெண் எல்லாரும் கம்பெனியில். அண்ணன் மட்டும் விடுப்புப் போட்டிருந்தார். முந்தின ஞாயிறு இடுப்புயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் வந்திருந்தது, அதை ஒட்டி முடித்துப் பாட வைக்க வேண்டுமாம். எங்கள் அச்சகத்துக்கு அன்று மின்தடை, அதனால் நானும் வீட்டில் இருந்தேன். மணி மூன்று இருக்கும். தரை அதிர ஒரு சத்தம். அடுப்படியில் தட்டு சரிந்தது.

எங்கள் பக்கத்தில் அப்படிச் சத்தம் கேட்டால் என்ன செய்வோம் என்று வெளியூரிலிருந்து வந்திருக்கும் உறவினர்களுக்குச் சொல்கிறேன். போட்டது போட்டபடி தெருவுக்கு வந்து வானத்தைப் பார்ப்போம். புகை எந்தத் திசையில் எழும்புகிறது, அந்தத் திசையில் யாருடைய கம்பெனி, அதில் நம் ஆள் யார். அப்புறம் ஓட்டம். அன்றும் வீட்டில் இருந்த கிழவர்கள், கைப்பிள்ளைக்காரிகள் எல்லாரும் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தோம். புகை இல்லை. எதிர்வீட்டுப் பேச்சியம்மாளுக்கு வீட்டுக்காரரும் மகளும் கம்பெனியில். அவள் புகையைத் தேடவில்லை, செருப்புகூடப் போடாமல் பஸ் ஸ்டாப்பை நோக்கி ஓடியே போய்விட்டாள்.

அப்போது இரண்டாவது சத்தம் வந்தது. மூன்றாவது வந்தது. தாளத்தோடு வந்தது. உறுமி மேளம்.

நான் அண்ணன் வீட்டுக்குள் போனேன். இரண்டு பெரிய ஸ்பீக்கருக்கும் நடுவில் நாற்காலி போட்டு, தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே மேளம் நின்றது. அந்த அமைதியில், பின்னால் நின்று, அண்ணே என்று மூன்று முறை கூப்பிட்டேன். என் குரல் எப்படிப்பட்ட குரல் என்று உங்களுக்குத் தெரியும். அவர் திரும்பவில்லை. குமிழை இன்னும் கொஞ்சம் ஏற்றினார். நான் போய் சுவிட்சை அணைத்த பிறகுதான் என்னைப் பார்த்தார்.

“எதுக்கு நிப்பாட்டுன? சத்தமே பத்தலைன்னு பாத்துக்கிட்டு இருக்கேன்.”

பேச்சியம்மாளை ஆள் போய்க் கூட்டி வந்தார்கள். பாதத்தில் கண்ணாடி கிழித்து ரத்தம். நல்ல வசவு விழப்போகிறது என்று காத்திருந்தோம். அவள் சண்டை போடவில்லை. ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, அண்ணாச்சிக்குக் காது கேட்கவில்லையா என்று என்னிடம் கேட்டாள்.

அன்று சாயங்காலம், கம்பெனி வண்டிகள் வந்த பிறகு, அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போய்க் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். சின்னப் பிள்ளைகளிடம்கூடக் கேட்டார். இனி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மட்டும்தான் பெட்டி போடுவேன், அந்த நேரம் சத்தம் கேட்டால் நான்தான், யாரும் பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். எங்கள் அண்ணனின் பண்பு என்று நான் எழுத விரும்புவது இதைத்தான்.

ஆனால் நான் அவருக்கு அதற்குமேல் ஒரு காரியம் செய்தேன். பட்டாசுக் கம்பெனியில் ஒருவன் உயிரைக் காப்பது ஒரே ஒரு வார்த்தை. யாராவது ஓடு என்று கத்துவார்கள், ஓட வேண்டும். அதைக் கேட்காத காதோடு என் அண்ணன் மருந்துக்கு நடுவில் நடமாடுகிறார் என்பது தெரிந்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவரிடம் சொல்லிப் பார்த்தேன். என் காதைப் பற்றி நீ சொல்லாதே என்றார். மதினி அழுது பார்த்தார். கடைசியில் திங்கட்கிழமை அச்சகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, நான் நேரே கம்பெனிக்குப் போய்ப் போர்மேனிடம் சொன்னேன். மறுநாளே அண்ணனைச் சத்தம் பார்க்கிற வேலையிலிருந்து எடுத்து, வாசல் கேட்டில் போட்டார்கள். வருகிறவர்களின் பையில் தீப்பெட்டி, பீடி, செல்போன் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை.

இருபது வருடமாகக் காதால் சாப்பிட்டவர். தங்கச்சியே போய்ச் சொல்லிக் கெடுத்துவிட்டாள் என்று ஊர் பேசியது. அண்ணன் ஏச்சுக்கூடக் கொடுக்கவில்லை, பேசுவதை நிறுத்திவிட்டார். நாலு வீடு தள்ளி இருந்துகொண்டு ஆறு மாதம். எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொள்வார். அந்த ஆறு மாதமும் ஞாயிறு ஐந்து மணிக்குப் பெட்டி சத்தம் மட்டும் வரும். என் வீட்டு வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு அழுவேன். இப்போது சொல்வதற்கென்ன. நான் செய்தது சரி என்று அன்றைக்கும் எனக்குத் தெரியும். அதற்காக வலிக்காமல் இருக்குமா?

இடையில் மதினி விருதுநகரில் காட்டிக் காதுக்கு மிஷின் வாங்கி மாட்டினார். இரண்டு நாள்கூட அண்ணன் வைத்திருக்கவில்லை. காதுக்குள் மிளகாய் வற்றல் வறுக்கிற மாதிரி இருக்கிறது என்று கழற்றிவிட்டார்.

ஆறாவது மாதம் ஒரு ஞாயிறு, நாலே முக்காலுக்கு மதினி வந்து, உங்க அண்ணன் கூப்பிடுதாக என்றார். போனேன். வாசலில் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு வரச் சொன்னார். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் இருந்த நாற்காலியில் அவர் உட்காரவில்லை. என்னை உட்காரச் சொன்னார்.

“எனக்கு ஒரு பக்கந்தான் கேக்கு தாயி, அதுவும் மங்கலா. நடுவுல நிக்கிற ஆளு போயிட்டாரு. நீ கேட்டுச் சொல்லு.”

அதுதான் அவர் என்னோடு பேசிய முதல் பேச்சு. கேட்டேன். பிடில் எங்கே, இடது பக்கம். மிருதங்கம், வலது. நடுவில்? நடுவில் வெறும் சுவர். எதிரே உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு நிமிடம் கழித்து, சத்தியமாக அந்தச் சுவரிலிருந்து ஓர் ஆள் பாடினார். அண்ணே, இங்கன நிக்காரு என்று கையை நீட்டிக் காட்டினேன். அண்ணன் என் கை நீண்ட இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் இந்த மலரின் அட்டையில் போடக் கேட்டேன், அப்படி ஒரு படம் எங்களிடம் இல்லை.

அதற்குப் பிறகு எல்லா ஞாயிறும் அதுதான் எங்கள் வேலை. விருதுநகர் கடைக்கும் சேர்ந்தே போனோம். எடைக்குப் போட வைத்திருக்கிற குப்பையில் அவர் கண் தேடும், என் காது தேர்ந்தெடுக்கும். இப்படி அப்படி என்று நான் சொல்லச் சொல்ல அவர் குமிழைத் திருப்புவார், பெட்டியை ஒரு விரற்கடை நகர்த்துவார். ஊரார் கழித்துப் போட்ட பொருளில் என்ன சுகம் என்று அவரைக் கேட்டவள், தூசி சூடாகி வருகிற அந்த வாசனைக்கும், முகப்பில் மெதுவாக ஏறுகிற மஞ்சள் வெளிச்சத்துக்கும் ஏங்கிப் போனேன். ஒரு பெட்டியின் அடியில் யாரோ தம்பதிக்கு யாரோ அன்பளித்தது என்று ஒட்டியிருந்தது. அதைக் கிழிக்காமல் அப்படியே விடச் சொன்னது நான்தான்.

கடைசி இரண்டு வருடத்தில் அண்ணனுக்குச் சுத்தமாகக் கேட்காமல் போயிற்று. அப்போதும் ஐந்து மணி தவறவில்லை. ஸ்பீக்கர் பெட்டி மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, ஆடுகிற முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தெருவும் பழகிவிட்டது. ஐந்து மணிக்குத் தட்டு அதிர்ந்தால், அண்ணாச்சி பெட்டி போட்டாச்சு, மாவாட்டப் போகலாம் என்று பெண்கள் எழுந்திருப்பார்கள். சர்க்கரை முற்றி, சிறுநீரகம் கெட்டு, விருதுநகர் மருத்துவமனையில் பதினோரு நாள் இருந்தார். கடைசிக்கு முந்தின நாள் ஞாயிறு. மணி ஐந்தாகிவிட்டதா என்று மதினியிடம் சைகையில் கேட்டார். பிறகு என் கையை எடுத்துத் தன் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார். மறுநாள் விடியலில் போய்விட்டார்.

காரியங்கள் முடிந்து, நாற்பது நாள் கழித்து ஒரு ஞாயிறு. மதினிதான் போடச் சொன்னார். எனக்கு மனமில்லை, ஆனால் மதினி சொல்லைத் தட்டவும் முடியவில்லை. செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போய், அண்ணன் வைத்த இடத்திலேயே குமிழை விட்டுவிட்டு, சரியாக ஐந்து மணிக்கு அதே உறுமி மேளத்தைப் போட்டேன்.

முதல் அடி விழுந்தது. தெருவில் காலடிச் சத்தம். வெளியே வந்து பார்த்தால் பாதித் தெரு வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. பேச்சியம்மாள் பஸ் ஸ்டாப் பக்கம் பத்தடி ஓடியே போயிருந்தாள். திரும்பி என்னைப் பார்த்ததும் அங்கேயே நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் போனேன்.

“சத்தம் கேட்டதும் அண்ணாச்சின்னு நெனைச்சு மாவாட்ட எந்திரிச்சேன்க்கா. பெறவுதான், அண்ணாச்சி இல்லையேன்னு நெஞ்சுல ஒறைச்சிச்சு. அதான் ஓடிட்டேன்.”

அண்ணன் இறந்ததற்கு அன்றுதான் நான் முழுசாக அழுதேன்.

எங்கள் அண்ணனின் கடைசி நாட்களில் ஆட்டோவோடு காத்துக் கிடந்தவர்களுக்கும், மருத்துவமனையில் முறை வைத்துத் துணை இருந்த உறவினர்களுக்கும், இருபது வருடம் அவர் காதையும் அதன் பிறகு அவர் கண்ணையும் நம்பி வேலை கொடுத்த கம்பெனியாருக்கும், இன்றுவரை நல்ல பெட்டி வந்தால் உடைக்காமல் எடுத்து வைத்துச் சொல்லியனுப்பும் விருதுநகர் கடைக்காரருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. எங்கள் தெருவுக்கு நன்றி சொன்னால் அடிக்க வருவீர்கள், அதனால் சொல்லவில்லை. ஒரு வேண்டுகோள் மட்டும். வருகிற வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கள் வீட்டிலிருந்து சத்தம் வரும். யாரும் ஓட வேண்டாம். அது நாங்கள்தான்.